இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கண்ட ஈமான்

மனிதன் எதனால் மார்க்கத்தை நாடுகிறான்? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகளை நாம் அடிக்கடி செவியுறுகிறோம். அச்சத்தினால் என்பார் ஒரு சாரார். நோய்க்கும் சாவுக்கும் அஞ்சிய மனிதன் தனக்கொரு துணையைத் தேடிக்கொண்டான் என்பது அவர்தம் வாதம். பிறப்பினால் என்பார் மற்றொரு சாரார். தாய் தந்தையர் எதைத் தொழுதார்களோ அதையே பிள்ளையும் தொழுகிறது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பர் அவர்கள். துன்பத்தில் ஆறுதல் வேண்டி என்பார் மூன்றாமவர். இவ்வாறு சொல்வோர் எல்லாரும் மார்க்கத்தின் பகைவர் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைகளே பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு வந்து இவற்றை நம்மிடம் கேட்கின்றனர். கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. வாயை மூடும்படி அதட்டிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். உள்ளத்தில் எழுந்த கேள்வி அடங்குமா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே கேள்வியைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, அதற்கு விடை காணத் தம் வாழ்வையே ஒப்புவித்த பெரியார் ஒருவர் நம் மார்க்கத்தில் இருந்தார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், அதாவது இஸ்லாத்தின் சான்று, என்று அறிஞருலகம் போற்றும் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே அப்பெரியார். ஷாபிஈ மத்ஹபின் மாபெரும் இமாம்களில் ஒருவரான அவர்களின் பெயர், அம்மத்ஹபைப் பின்பற்றும் தமிழகக் கடற்கரை மக்களுக்கும் மலாய் மக்களுக்கும் புதிதன்று. ஆயினும் அவர்களைப் பெரிய இமாம் என்று அறிந்த அளவுக்கு, ஐயத்தில் அகப்பட்டுத் தவித்த ஒரு மனிதராக நாம் அறிந்தோமில்லை. அந்த வரலாற்றையே இங்கே சுருங்கக் கூற விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரீ 450ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1058 வாக்கில், குராஸான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்தார்கள். அது இன்றைய ஈரானின் வடகிழக்கில், மஷ்ஹது நகருக்கு அருகே இருந்தது. அவர்களின் தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர் என்றும், கல்வி கற்க வாய்ப்பில்லாமற் போனதே என்று வருந்தியவர் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் ஸுப்கீ எழுதியுள்ளார். தந்தையார் தம் இறுதி நேரத்தில், தம் மக்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும் ஸூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, கையிலிருந்த சிறு பொருளையும் கொடுத்து, இருவரையும் படிக்க வைக்குமாறு கேட்டுக்கொண்டாராம். பொருள் தீர்ந்தது. நண்பரும் ஏழை. உணவும் தங்குமிடமும் கிடைக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு அவர் பிள்ளைகளுக்கு வழி சொன்னார். ஆக, இமாம் அவர்கள் ஓத வந்ததற்கு முதற் காரணம் பசி என்றே சொல்ல வேண்டும். வேறு நோக்கத்துடன் கல்வியைத் தேடிச் சென்றோம், கல்வியோ இறைவனுக்கன்றி வேறெவருக்கும் ஆகமாட்டேன் என்று மறுத்துவிட்டது என்னும் கருத்தில் அவர்கள் பிற்காலத்தில் கூறியதாகவும் அவ்வரலாற்றில் காண்கிறோம்.

இளமையில் நடந்ததாக மற்றொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. ஜுர்ஜான் நகரில் பாடம் கேட்டு, குறிப்புகளையெல்லாம் எழுதி மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்தனர். உடைமைகள் அனைத்தும் பறிபோயின. இமாம் அவர்கள் கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று, அந்த ஏடுகளையாவது திருப்பித் தருமாறு மன்றாடினார்கள். அவை எதற்கு என்று அவன் கேட்டான். தாம் கற்ற கல்வியெல்லாம் அவற்றில்தான் உள்ளது என்றார்கள். தாளைப் பறித்தவுடன் பறிபோய்விடுவது என்ன கல்வி என்று அவன் நகைத்து, மூட்டையைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்து சேர்ந்த இமாம் அவர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்து அவையனைத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். பிறர் பறித்தால் போய்விடாத பொருள் எது என்னும் கேள்வி, இளமையிலேயே அவர்களுக்கு எதிர்ப்பட்டுவிட்டது என்று நாம் கருதலாம்.

பின்னர் நைஸாபூர் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த அறிஞரான இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் சட்டம், தர்க்கம், இல்முல் கலாம் ஆகியவற்றைக் கற்றார்கள். 1085ல் ஆசிரியர் காலமானார். மாணவரின் புகழ் அதற்குள் ஸல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் காதுகளுக்கு எட்டியிருந்தது. அமைச்சரின் அவையில் கூடிய அறிஞர்களை எல்லாம் வாதத்தில் வென்றார்கள். 1091ல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பெற்றார்கள். கலீஃபாவின் தலைநகரில் அதனினும் உயர்ந்த ஆசிரியப் பதவி அந்நாளில் இல்லை எனலாம். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அரசவையிலும் அறிஞரவையிலும் அவர்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. அவர்களுடைய காலத்தவரான அப்துல் காஃபிர் ஃபாரிஸி என்னும் அறிஞர், அந்நாளில் இமாம் அவர்களிடம் செருக்கும், பிறரைக் குறைவாக மதிக்கும் போக்கும் இருந்ததென்று ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

உள்ளே எழுந்த ஐயம்

புறத்தே இவ்வளவு புகழ் வளர்ந்தது. அகத்தே நடந்ததை, ஐம்பது வயதைக் கடந்த பின் எழுதிய முன்கித் என்னும் தம் நூலில் இமாம் அவர்களே விவரித்திருக்கிறார்கள். வழிகேட்டிலிருந்து மீட்பது என்பது அந்நூற்பெயரின் பொருள்.

சிறு வயதிலேயே ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதர்களின் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாகவுமே வளர்கின்றனர். ஒவ்வொரு குழந்தையும் இயற்கைத் தன்மையிலேயே பிறக்கிறது, பெற்றோரே அதனைத் தம் வழியில் ஆக்குகின்றனர் என்னும் கருத்துள்ள நபிமொழியையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்படியானால் பெற்றோரிடமிருந்து பெற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் அந்த இயற்கைத் தன்மை எது? தாம் நம்புவதில் வெறும் பழக்கம் எவ்வளவு, உண்மை எவ்வளவு? இவ்வாறு கேட்கத் தொடங்கினார்கள். மதம் பிறப்பினால் வருகிறது என்று இன்று நம் பிள்ளை கேட்கும் கேள்வியை, நம் இமாமே அன்று கேட்டுவிட்டார்கள் என்பதை நாம் மனத்திலிருத்த வேண்டும்.

ஐயத்திற்கு இடமேயில்லாத அறிவு எது என்று தேடினார்கள். கண்ணால் காண்பதை நம்பலாமா என்று சோதித்தார்கள். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு பொற்காசு அளவே தோன்றுகிறது. கணித நூலோ அது பூமியைவிடப் பெரிதென்று நிறுவுகிறது. ஆகவே புலன்கள் பொய் சொல்கின்றன. புலன்களைப் பொய்யாக்கியது பகுத்தறிவு. அந்தப் பகுத்தறிவையும் பொய்யாக்கும் நீதிபதி ஒருவர் அதற்கு மேல் இருக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? கனவு காணும்போது கண்டதையெல்லாம் மெய்யென்றே நம்புகிறோம். விழித்த பிறகே பொய்யென்று தெரிகிறது. இந்த விழிப்பே ஒரு கனவாக இருந்தால் என்ன செய்வது?

இந்த நிலை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்தது. வாயால் எதையும் மறுக்கவில்லை, ஆனால் உள்ளம் எதையும் ஏற்கவில்லை. அதனை அவர்கள் ஒரு நோய் என்றே கூறுகிறார்கள். அந்நோய் எந்த ஆதாரத்தாலும் நீங்கவில்லை. ஏனெனில் ஆதாரம் காட்டுவதற்கும் சில அடிப்படை உண்மைகளை முதலில் நம்பியாக வேண்டும், அந்த அடிப்படையே அவர்களிடம் ஆட்டங்கண்டிருந்தது. இறுதியில் இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினாலேயே அது நீங்கியதென்று எழுதுகிறார்கள். சிந்தனையின் மீது நம்பிக்கை திரும்பியது. ஆனால் பழைய படிக்கு எதையும் ஆராயாமல் நம்பும் நிலை திரும்பவில்லை. கண்ணாடி உடைந்தால் அதனை ஒட்டவைக்க இயலாது, மீண்டும் உருக்கி வார்க்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

நான்கு கூட்டத்தார்

உண்மையைத் தேடுவோர் அந்நாளில் நான்கு கூட்டத்தாராக இருந்தனர். இமாம் அவர்கள் நால்வரிடமும் சென்று ஆராய்ந்தார்கள்.

முதலாமவர் இல்முல் கலாம் வல்லுநர்கள். மார்க்கத்தின் மீது தொடுக்கப்படும் தாக்குதல்களை வாதத்தால் தடுப்பவர்கள் இவர்கள். இக்கலையில் இமாம் அவர்களுக்கு நிகர் எவருமில்லை. ஆயினும் அது தம் நோய்க்கு மருந்தாகவில்லை என்று கண்டார்கள். எதிரியின் வாயை அடைக்க அது உதவும். ஏற்கெனவே ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதவனுடைய உள்ளத்தை நிரப்ப அது போதாது.

இரண்டாமவர் தத்துவவாதிகள். மதரஸாவில் பாடம் நடத்தியதுபோக எஞ்சிய நேரத்தில், ஆசிரியரின் துணையின்றி, இரண்டாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் அவர்களின் நூல்களைக் கற்றறிந்தார்கள். மேலும் ஓராண்டளவு அவற்றைச் சிந்தித்தார்கள். ஒரு கொள்கையை அதன் வல்லுநருக்கு இணையாக அறியாமல் மறுக்கப் புகுவது இருட்டில் அம்பெய்வது போன்றது என்பது அவர்கள் துணிபு. அதன் பின்னரே தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலில் இருபது பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு மறுத்தார்கள். அவற்றுள் மூன்று மிக முக்கியமானவை: உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் தனித்தனிப் பொருள்களை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுதல் இல்லை என்பது. ஆனால் கணிதத்தையும் வானநூலையும் அவர்கள் மறுக்கவில்லை. சூரியனுக்கும் நமக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் உண்டாகிறது என்பது கணக்கால் நிறுவப்பட்ட உண்மை. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதை மறுப்பவன், மார்க்கத்திற்குப் பகைவனைவிட அதிகத் தீங்கு செய்கிறான் என்று கடிந்துரைத்தார்கள். கணக்கறிந்த இளைஞன் கணக்கைச் சந்தேகிக்கமாட்டான், மார்க்கத்தையே சந்தேகிப்பான் என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். கணிதத்தில் வல்லவர் சொல்வதெல்லாம் மற்றத் துறைகளிலும் சரியாகவே இருக்கும் என்று நம்பிவிடும் இளைஞனின் பிழையையும் அவர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

மூன்றாமவர் பாத்தினிய்யாக்கள். பிழையே செய்யாத ஓர் இமாமிடம் அறிவை ஒப்படைத்துவிட்டால் ஐயமெல்லாம் தீரும் என்றவர்கள் இவர்கள். கலீஃபா முஸ்தஸ்ஹிரின் வேண்டுகோளுக்கிணங்கி இவர்களை மறுத்தும் நூல் எழுதினார்கள். தம் கேள்விகளை இவர்களிடம் வைத்தபோது, மறைந்திருக்கும் இமாமைச் சுட்டினார்களேயன்றி, அவரிடமிருந்து கற்ற விடையாக ஒன்றையும் தரவில்லை என்பது இமாம் அவர்களின் முடிவு.

நான்காமவர் ஸூபிகள். அபூதாலிபுல் மக்கீ, ஹாரிதுல் முஹாஸிபீ, ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) போன்ற பெரியார்களின் நூல்களையும் உரைகளையும் படித்தார்கள். படித்தவுடன் ஒன்று விளங்கிற்று. இவ்வழியில் நூலால் அறியக்கூடியதைத் தாம் அறிந்தாயிற்று, எஞ்சியதை நடந்து பார்த்தே அறிய முடியும். உடல்நலம் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லத் தெரிவது வேறு, நலமாக இருப்பது வேறு. நோயுற்ற மருத்துவருக்கு நலத்தின் இலக்கணம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்நேரத்தில் நலம்தான் அவரிடம் இல்லை.

ஆறு மாதப் போராட்டம்

இங்கேதான் இரண்டாவது சோதனை வந்தது. முதற் சோதனை அறிவைப் பற்றியது, இதுவோ வாழ்க்கையைப் பற்றியது. தாம் செய்துவரும் காரியங்களை இமாம் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அவற்றுள் சிறந்தது பாடம் நடத்துவது. அந்தப் பாடமும் இறைவனுக்காக நடக்கவில்லை, பெயருக்கும் பதவிக்குமாகவே நடக்கிறது என்று கண்டார்கள். இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள். காலையில் பக்தாதை விட்டுப் புறப்படத் துணிவார்கள், மாலையில் ஆசைகளின் படை வந்து அத்துணிவைச் சிதறடித்துவிடும். ஓரடி முன்வைப்பார்கள், ஓரடி பின்வைப்பார்கள்.

ஹிஜ்ரீ 488 ரஜப் மாதம், அதாவது 1095 ஜூலையில் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நடந்தது. பின்னர் நாவே கட்டுண்டது. மாணவர்களுக்காக ஒருநாளாவது பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. உணவும் நீரும் இறங்கவில்லை. உடல் மெலிந்தது. நோய் உள்ளத்திலிருந்து உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளக் கவலை தீர்ந்தாலன்றி மருந்தால் பயனில்லை என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டனர்.

வேறு வழியற்ற நிலையில் இறைவனிடம் சரணடைந்தார்கள். பதவியையும் பொருளையும் துறப்பது அதன் பின் எளிதாயிற்று. குடும்பத்திற்கு வேண்டிய அளவை வைத்துவிட்டு, மற்றதைப் பகிர்ந்தளித்தார்கள். மக்கா செல்வதாக வெளியில் சொல்லிவிட்டு, ஷாம் நாட்டை மனத்தில் கொண்டு அவ்வாண்டின் இறுதியில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். உண்மையைச் சொன்னால் கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். நிஜாமிய்யாவில் அவர்களின் இடத்தில் இளவல் அஹ்மது பாடம் நடத்தினார்.

அவர்கள் பக்தாதை விட்டதற்கு வேறு காரணம் கற்பிப்போரும் உண்டு. ஆதரித்த அமைச்சர் நிஜாமுல் முல்க் 1092ல் கொலையுண்டார். அதே ஆண்டில் சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். அரசுரிமைப் போர் மூண்டது. ஆகவே உயிரச்சமே அவர்களை விரட்டியது என்பர் அவர்கள். அரசியல் குழப்பம் அவர்களின் மனத்தைத் தொடவேயில்லை என்று நாமும் சாதிக்கவேண்டியதில்லை. ஆனால் உயிருக்கு அஞ்சி ஓடியவர் ஆபத்து நீங்கியதும் பழைய பெருமையைத் தேடி வருவார். இமாம் அவர்களோ 1096ல் ஹெப்ரோனில், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டார்கள்: எந்த அரசரின் அவைக்கும் செல்வதில்லை, எந்த அரசரின் பொருளையும் பெறுவதில்லை, எவருடனும் வாதப்போர் புரிவதில்லை. எந்த மூன்றினால் பெயர் பெற்றார்களோ அந்த மூன்றையுமே விட்டார்கள். அவர்களிடம் அச்சமும் இருந்தது, உண்மை. அது மறுமையைப் பற்றிய அச்சம், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிடுவோமோ என்னும் அச்சம்.

தனிமையும் திரும்புதலும்

டமாஸ்கஸில் உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவிலும் அவ்வாறே இருந்தார்கள். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பிள்ளைகளின் வேண்டுதல் அவர்களைத் தாயகத்திற்கு ஈர்த்தது. குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவையும் தம் தனிமையைக் கலைத்ததையும், ஆயினும் அதனைத் தாம் விட்டுவிடவில்லை என்பதையும் அவர்களே எழுதியுள்ளார்கள்.

இக்காலத்தில் உருவானதே இஹ்யா உலூமித்தீன் என்னும் மாபெரும் நூல். நான்கு பகுதிகளும், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்களும் கொண்டது அது. வணக்கங்கள், அன்றாட வாழ்க்கை முறைகள், அழிவில் தள்ளும் குணங்கள், ஈடேற்றம் தரும் குணங்கள் என்பவை அந்நான்கு பகுதிகள். தொழுகையின் உட்பொருளை விளக்கிய அதே கரம், உண்ணும் முறையையும், திருமணத்தையும், கடைத்தெருவில் நேர்மையாகப் பொருளீட்டுவதையும் எழுதிற்று. ஈமான் மூளையில் மட்டும் இருப்பதன்று, உணவுத் தட்டிலும் தராசுத் தட்டிலும் அது தெரியவேண்டும் என்பதே இஹ்யாவின் சாரம் என்று நாம் கொள்ளலாம்.

அந்நூலில் ஈமானின் படிகளை விளக்க எளிய உவமை ஒன்று தருகிறார்கள். ஒரு வீட்டினுள் ஒருவர் இருக்கிறார். நம்பத்தக்க மனிதர் ஒருவர் சொல்லி அதை நாம் நம்புவது முதற்படி. சுவருக்கு வெளியே நின்று அவர் குரலைக் கேட்டு அறிவது இரண்டாம் படி. உள்ளே சென்று அவரை நேரில் காண்பது மூன்றாம் படி. பெற்றோர் சொல்லக் கேட்டு நம்பும் பாமரரின் ஈமான் முதற்படி. ஆதாரங்களைக் கொண்டு அறிவது இரண்டாவது. இறைநேசர்களின் உறுதி மூன்றாவது. முதற்படியை இமாம் அவர்கள் இகழவில்லை. அதுவும் ஈடேற்றம் தரும் ஈமானே என்றார்கள். ஆனால் அதில் பிழை புகக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

நபித்துவத்தை அறியும் வழியையும் அவர்கள் தம் அனுபவத்திலிருந்தே கூறினார்கள். ஒருவர் மருத்துவர்தாமா என்று அறிய மருத்துவக் கலையைச் சற்றேனும் தெரிந்துகொண்டு, அவர் நூல்களையும் சிகிச்சையையும் பார்க்கவேண்டும். அவ்வாறே குர்ஆனையும் ஹதீதையும் நெடிது சிந்தித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த வணக்கங்கள் உள்ளத்தைத் தூய்மையாக்குவதைச் செய்து பார்த்து அறியவேண்டும். கைத்தடி பாம்பானதைக் கண்டு மட்டும் நம்பியவனுடைய நம்பிக்கை, அது மாயவித்தை என்று மற்றொருவன் வாதித்தால் ஆடிப்போகலாம். ஆயிரம் முறை செய்து பார்த்து அறிந்தவனை எந்த வாதமும் அசைக்காது.

1106ல் நிஜாமுல் முல்க்கின் மகனான அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலுக்கிணங்கி நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த இசைந்தார்கள். இது பழைய நிலைக்குத் திரும்புவதன்று என்று அவர்கள் விளக்கினார்கள். அன்று பதவியைத் தேடித் தரும் கல்வியைப் போதித்தோம், இன்று பதவியாசையை விடச் செய்யும் கல்வியைப் போதிக்கிறோம் என்பது அதன் கருத்து. மக்களின் ஈமான் பல காரணங்களால் தளர்ந்திருப்பதைக் கண்டே அவர்கள் தனிமையை விட்டு வந்தார்கள். தொழாதவனை ஏன் என்று கேட்டால், ஆலிம்களே ஒழுங்காக இல்லையே என்பானாம். இந்த விடையை நாமும் கேட்டதில்லையா?

முன்பு அவர்களின் செருக்கை எழுதி வைத்த அப்துல் காஃபிர், பின்னர் அவர்களைப் பலமுறை சென்று கண்டார். அவர்களின் பணிவு வெறும் வேடம் என்றே முதலில் எண்ணினார். பழகி ஆராய்ந்த பின், தம் எண்ணமே தவறு, அந்தப் பணிவு மெய்யானது என்று முடிவு கட்டினார். ஒருவனுடைய ஈமான் உண்மைதானா என்று காண அவனைக் குறைசொன்னவனின் சாட்சியத்தினும் சிறந்தது வேறில்லை.

சில காலத்திற்குப் பின் இமாம் அவர்கள் தூஸ் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூபிகளுக்கு ஓர் இல்லமும் அமைத்துக் கற்பித்து வந்தார்கள். இறுதி நாட்களில் ஹதீதுக் கல்வியில் ஈடுபட்டிருந்தார்கள். ஹிஜ்ரீ 505 ஜுமாதல் ஆகிர் 14ஆம் நாள், அதாவது 1111 டிசம்பர் 18ஆம் நாள் திங்கட்கிழமை, வைகறையில் ஒளு செய்து தொழுதுவிட்டு, கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி, கிப்லாவை நோக்கிப் படுத்தவர்கள் மீண்டும் எழவில்லை என்று அவர்களின் இளவல் அஹ்மது கூறியதாக வரலாறு சொல்கிறது.

அவர்களின் நூல்கள் எதிர்ப்பில்லாமல் வாழவில்லை. 1109ல், அவர்கள் உயிரோடிருந்தபோதே, ஸ்பெயினின் குர்துபா நகரில் இஹ்யா தீக்கிரையாக்கப்பட்டது. பின்னாளில் இப்னு ருஷ்து அவர்கள் தஹாஃபுத்தை மறுத்துத் தனி நூல் எழுதினார். ஆயினும் இஹ்யா உலகெங்கும் பரவிற்று. சுமத்திராவின் பலெம்பாங்கைச் சேர்ந்த ஷைகு அப்துஸ்ஸமது அவர்கள் இஹ்யாவின் சுருக்கத்தைத் தழுவி மலாய் மொழியில் ஸியாருஸ் ஸாலிக்கீன் என்னும் நூலை இயற்றி 1788ல் நிறைவு செய்தார்கள். அந்த நூலின் வாயிலாக, நாம் வாழும் இம்மண்ணின் சூராவ்களிலும் பொண்டோக்களிலும் இமாம் அவர்களின் குரல் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்திருக்கிறது.

நமக்குள்ள படிப்பினை

இனி, தொடக்கத்தில் கண்ட மூன்று விடைகளுக்கு வருவோம். பிறப்பினால் மனிதன் மார்க்கத்தைப் பெறுகிறான் என்பது பொய்யன்று. இமாம் அவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பெற்றதைத் தனதாக்கிக்கொள்வது அவனவன் செய்யவேண்டிய வேலை. தந்தை விட்டுச்சென்ற நிலம் மகனுக்குப் பிறப்பினால் வரும். விளைச்சல் பிறப்பினால் வராது. அச்சத்தினால் என்பதிலும் ஒரு பங்கு உண்மை உண்டு. ஆயின் எதற்கு அஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்து அச்சமும் இழிவாகும், உயர்வாகும். ஆறுதலுக்காக என்பதோ இமாம் அவர்களின் வரலாற்றில் எடுபடவில்லை. ஆறுதல் தரும் அனைத்தும் பக்தாதில் அவர்களிடம் இருந்தன. மார்க்கத்தின் உண்மை அவற்றை விட்டுவிடச் சொல்லிற்று.

கலாமை இமாம் அவர்கள் மருந்துக்கு ஒப்பிட்டார்கள். நலமாக இருப்பவனுக்கு மருந்து ஊட்டினால் தீங்கு. பாமரரை வாதங்களில் இழுத்துவிடக் கூடாதென்று தம் கடைசி நாட்களிலும் ஒரு நூல் எழுதினார்கள். ஆகவே அமைதியாக நம்பித் தொழுதுவரும் பாட்டியாரிடம் சென்று ஐயங்களைக் கிளப்புவது அறிவுடைமையாகாது. அதேபோல், நோயுற்றவனுக்கு மருந்து கொடுக்காமல் அதட்டி அனுப்புவதும் அறிவுடைமையாகாது. கேள்வி கேட்கும் பிள்ளை ஈமானை இழந்துவிட்ட பிள்ளையன்று. முதற்படியிலிருந்து அடுத்த படிக்குக் காலெடுத்து வைக்கும் பிள்ளையாகவும் அது இருக்கலாம். அந்நேரம் கைகொடுக்க ஆளில்லாவிட்டால் அது படியிலிருந்து சறுக்கிவிடும்.

கைகொடுப்பதற்கு நாம் அனைவரும் கஸ்ஸாலியாக வேண்டுமென்பதில்லை. தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லலாம். விஞ்ஞானம் நிறுவிய உண்மையை மார்க்கத்தின் பெயரால் மறுக்காமல் இருக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வாதத்தில் எவரையும் வெல்லக்கூடிய அந்தப் பேரறிஞரின் ஐயம் வாதத்தால் தீரவில்லை என்றால், நம் பிள்ளைகளின் ஐயம் நம் வாதத்தால் மட்டும் தீருமென்று எப்படி எதிர்பார்க்க முடியும்? கடையில் நாம் நிறுக்கும் நிறுவையையும், வீட்டில் நாம் பேசும் பேச்சையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுவோருக்கு வழிகாட்டுபவன் அல்லாஹ் ஒருவனே. நாம் பெற்ற ஈமானை நமதாக்கிக்கொள்ளவும், நம் மக்களின் கேள்விகளுக்கு அன்போடு செவிசாய்க்கவும் அவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.